முதுமையும் தளர்ச்சியும் ஒன்றல்ல



வீட்டில் உள்ள பெரியவர்களின் நலம் விசாரிக்கும்போது நாம் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு. "வயசாயிடுச்சு ஹஜ்ரத், இனிமே அப்படித்தான் இருக்கும்" என்பதே அது. நடை குறைந்துவிட்டதா, வயது. உணவு இறங்கவில்லையா, வயது. மாலை நேரத்தில் திண்ணையில் நான்கு பேரோடு அமர்ந்து பேசிக்கொண்டிருந்தவர் இப்போது கட்டிலை விட்டு எழுவதில்லையா, அதற்கும் வயதுதான் காரணம். இந்த ஒரு சொல்லைச் சொன்னபின் மேற்கொண்டு விசாரிக்க ஏதுமில்லை என்பதுபோல் பேச்சு முடிந்துவிடுகிறது. சொல்பவர் பாசமில்லாதவர் அல்லர். தம் வாப்பாவை உயிராக மதிக்கும் மகனும் இதையேதான் சொல்கிறார்.

சிலர் இதற்கு ஹதீஸையே ஆதாரமாகக் காட்டுவதுண்டு. உஸாமா பின் ஷரீக் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இடம்பெற்றுள்ள அறிவிப்பு அது. கிராமப்புற அரபிகள் சிலர் வந்து மருத்துவம் செய்துகொள்வது பற்றிக் கேட்டபோது, செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள் என்பதும், எல்லா நோய்க்கும் நிவாரணம் உண்டு, முதுமை ஒன்றைத் தவிர என்று விளக்கினார்கள் என்பதும் அதன் கருத்து. முதுமைக்கு மருந்தில்லை என்று ஹதீஸே சொல்லிவிட்டதே, பிறகு எதற்கு மருத்துவமனை என்று கேட்போர், அந்த அறிவிப்பு மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற ஏவலோடு தொடங்குவதைக் கவனிப்பதில்லை. அதில் விதிவிலக்காக வந்தது ஒன்றே ஒன்று. ஏனைய யாவும் ஏவலுக்குள் அடங்கும். ஆகவே ஒரு பெரியவரிடம் நாம் காணும் குறை அந்த ஒன்றைச் சேர்ந்ததா, ஏனையவற்றைச் சேர்ந்ததா என்று ஆராயாமல் எல்லாவற்றையும் முதுமையின் கணக்கில் எழுதிவிட இந்த ஹதீஸில் இடமில்லை.

எழுபது வயதில் மாடிப்படி ஏறுகிறவரும் இருக்கிறார். அதே எழுபதில் வாசற்படி இறங்கவே துணை தேடுகிறவரும் இருக்கிறார். வயது இருவருக்கும் ஒன்றுதான். இரண்டாமவரிடம் கூடுதலாக உள்ள நிலையைத்தான் மருத்துவர்கள் "ஃப்ரெயில்ட்டி" என்கின்றனர். நாம் மூப்புத் தளர்ச்சி என்று சொல்லலாம். தசை, இதயம், நுரையீரல், சிறுநீரகம், நரம்பு ஆகிய ஒவ்வொன்றிலும் அன்றாடத் தேவைக்கு மேலாக அல்லாஹ் வைத்துள்ள சேமிப்பு ஒன்றாகச் சேர்ந்து கரைந்துபோவதே அந்த நிலை.

நம் பள்ளிவாசல் ஹவுழை எண்ணிப் பாருங்கள். நீர் நிறைந்திருக்கும் நாளில் முந்நூறு பேர் உளூச் செய்தாலும் குறைந்தது தெரியாது. மட்டம் தாழ்ந்திருக்கும் நாளில் ஐம்பது பேர் செய்தாலே அடித்தளம் தெரியும். மட்டம் தாழ்ந்ததை நாம் அந்த ஐம்பது பேர் வந்த பிறகுதான் அறிகிறோம். தளர்ச்சி உள்ள பெரியவரின் கதையும் இதுதான். மூன்று நாள் காய்ச்சல், ஒரு வயிற்றுப்போக்கு, சிறுநீரில் ஒரு தொற்று. வாலிபர் நான்காம் நாள் எழுந்து கடைக்குப் போய்விடுவார். பெரியவரோ நடை தடுமாறி விழுகிறார், பேச்சு குழம்புகிறது, பிறகு படுக்கையை விட்டு எழுவதில்லை. "நல்லாத்தான் இருந்தாங்க, விழுந்ததோட படுத்துட்டாங்க" என்று வீட்டார் சொல்வர். விழுந்த அன்றுதான் அது தொடங்கியது என்று அவர்கள் நம்புகின்றனர். உண்மையில் அதற்கு ஓராண்டு, ஈராண்டுக்கு முன்பே மட்டம் இறங்கத் தொடங்கியிருக்கும்.

திருக்குர்ஆனில் ஜகரிய்யா (அலை) அவர்கள் தம் முதுமையை இறைவனிடம் எடுத்துரைக்கும் இடத்தில் எலும்பின் பலவீனத்தை முதலிலும் தலை நரைத்ததைப் பிறகும் குறிப்பிடுகிறார்கள். நாம் பெரும்பாலும் நரையைத்தான் பார்க்கிறோம். உள்ளே தளர்வதைப் பார்க்கும் பழக்கம் நமக்கில்லை.

ஐந்து அடையாளங்கள்

2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் லிண்டா ஃப்ரீட் என்ற பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்தத் தளர்ச்சியை அறிய ஐந்து அடையாளங்களை வகுத்தனர். தாமாக முயலாமலே எடை குறைதல், எதைச் செய்தாலும் ஆயாசம், கைப்பிடி வலுவிழத்தல், நடை வேகம் குறைதல், அன்றாட நடமாட்டம் சுருங்குதல் என்பவை அவை. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தளர்ச்சி உண்டு. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் முன்நிலை. நமக்கு முக்கியமானது இந்த முன்நிலைதான். ஏனெனில் அங்கிருந்து திரும்பி வருவது எளிது.

எடையைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. ஓராண்டில் நாலரைக் கிலோ, அல்லது இருந்த எடையில் நூற்றுக்கு 5 பங்கு, காரணமின்றிக் குறைந்தால் அது அடையாளம். 60 கிலோ இருந்தவருக்கு 3 கிலோ என்று கொள்க. நம் வீடுகளில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர் இளைத்தால் "சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது" என்று மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். மகிழக்கூடாத இடம் அது. சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் போனாலும் உடல் இளைக்கும். காசநோய், புற்றுநோய், தைராய்டு மிகுதி, மனச்சோர்வு, பல் இல்லாமை ஆகியவற்றிலும் இளைக்கும். சட்டைக் கழுத்து தொளதொளப்பதும், மோதிரம் கழன்று விழாமலிருக்க நூல் சுற்றியிருப்பதும், இடுப்பு பெல்ட்டில் புதிய துளை போட்டிருப்பதும் எடை பார்க்கும் கருவி இல்லாத வீட்டில் அந்த வேலையைச் செய்யும்.

ஸஃப்பில் தெரிபவை

மருத்துவர் ஒரு பெரியவரை மூன்று மாதத்திற்கு ஒருமுறை பத்து நிமிடம் பார்க்கிறார், அதுவும் நாற்காலியில் அமர்ந்த நிலையில். நாமோ அவரை ஒரு நாளைக்கு ஐந்து வேளை, நின்றும் குனிந்தும் தரையில் நெற்றி வைத்தும் எழுந்தும் பார்க்கிறோம். இத்தனை அசைவுகளையும் ஒரே மனிதரிடம் இத்தனை முறை பார்க்கும் வாய்ப்பு வேறு எவருக்கும் கிடையாது. தொழுகையில் கவனம் தொழுகையில்தான் இருக்க வேண்டும். அடுத்தவரை வேவு பார்க்கச் சொல்லவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் தோளோடு தோள் நின்றவருடைய மாற்றம் பார்க்காமலே தெரிந்துவிடும்.

ஸஜ்தாவிலிருந்து எழும்போது முன்பு எதையும் பிடிக்காதவர் இப்போது முழங்காலில் கை ஊன்றுகிறார். சில மாதம் கழித்துத் தரையில் கை ஊன்றுகிறார். பிறகு எழுவதற்கு இரண்டு முறை முயல்கிறார். அடுத்து, ஸஃப்பின் நடுவில் நிற்கும் வழக்கத்தை விட்டுத் தூண் ஓரத்தையோ சுவரோரத்தையோ தேடுகிறார். செருப்பை நின்றபடி ஒற்றைக் காலில் கழற்றியவர் சுவரைப் பிடிக்கிறார், பிறகு படியில் உட்கார்ந்து கழற்றுகிறார். உளூவில் காலைத் தூக்கிக் கழுவச் சிரமப்படுகிறார். குழாயை இறுக மூட முடியாமல் விட்டுப் போகிறார். மோதினார் அதைக் கவனக்குறைவு என்று நினைத்துக் கடிந்துகொள்கிறார். அது கைப்பிடியின் வலு குறைந்ததாக இருக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் தெளிவான அடையாளம் வருகை குறைவதுதான். முதலில் நிற்பது சுப்ஹு. இருட்டும் படியும் பயம் தருகின்றன. பிறகு இஷா. கடைசியில் ஜும்ஆவுக்கு மட்டும் யாராவது மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறார்கள். "ஈமான் குறைந்துவிட்டதோ" என்று எவரும் நாவைத் திறக்க வேண்டாம். கால் குறைந்திருக்கிறது. இரண்டு வாரமாக சுப்ஹுக்கு வராத பெரியவரின் வீட்டுக் கதவைத் தட்டி நலம் கேட்பது பக்கத்து ஸஃப்பில் நிற்கிறவர் அவருக்குச் செய்ய வேண்டிய கடமை.

நாற்காலி விஷயம் நம் பள்ளிகளில் இப்போது பெரிய விவாதமாகியுள்ளது. இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் தாராளமாக இடம் தந்துள்ளது. அதில் எவரும் முகம் சுளிக்கத் தேவையில்லை. என் கருத்து வேறொன்று. ஒருவர் முதன்முதலாக நாற்காலி கேட்கும் நாள் அவருடைய வீட்டாருக்குத் தெரிய வேண்டிய நாள். முழங்கால் வலி என்று அவர் சொல்வார். வலி இருக்கலாம், அதோடு தொடைத் தசை மெலிந்து எழ முடியாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. வலிக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு நாற்காலியும் கொடுத்தால், மெலிந்த தசை மேலும் மெலியும்.

நபி (ஸல்) அவர்கள் வயது முதிர்ந்தபின் இரவுத் தொழுகையில் அமர்ந்து ஓதினார்கள் என்றும், முப்பது நாற்பது வசனங்கள் எஞ்சியிருக்கும்போது எழுந்து நின்று அவற்றை ஓதி ருகூவு செய்தார்கள் என்றும் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். சலுகையையும் பயன்படுத்தினார்கள், முடிந்த அளவு நிற்பதையும் விடவில்லை. நிற்க முடிகிறவர், ஸஜ்தாவுக்காக மட்டும் நாற்காலி தேவைப்படுகிறவர், தொழுகை முழுவதையும் அமர்ந்தே முடித்துவிடுவதற்கு முன் தம் ஊர் ஆலிமிடமும் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டுக்குள் இருப்பவர்கள்

நம் ஊர்களில் பெரும்பாலான உம்மாமார்கள் வீட்டில் தொழுகிறார்கள். அவர்களுடைய தளர்ச்சியை எந்த ஸஃப்பும் பார்ப்பதில்லை. அது அடுப்படியில்தான் தெரியும். தேங்காய் துருவுவதை மருமகளிடம் விட்டுவிடுவது, ஈரத் துணியைப் பிழியாமல் நீர் சொட்டச் சொட்டக் காயப்போடுவது, ஒரு கையால் தூக்கிய சோற்றுப் பானையை இரு கையால் பிடிப்பது, ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கப் பேரனைக் கூப்பிடுவது ஆகியவற்றைச் சோம்பல் என்றோ வீம்பு என்றோ சொல்லிவிடுகிறோம். வளையல் முழங்கை வரை ஏறுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உணவு இன்னொரு பக்கம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம் நம் தாய்மார்களிடம் வாழ்நாள் முழுதும் ஊறியது. வயதான பிறகு அதுவும் சுருங்கி, இரவு சாயாவும் இரண்டு ரஸ்க்கும் என்று ஆகிவிடுகிறது. வயிறு நிறைந்துவிடும், தசைக்கு அதில் ஒன்றுமில்லை. முதியவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று 2013இல் ஒரு பன்னாட்டு மருத்துவர் குழு பரிந்துரைத்தது. 50 கிலோ எடையுள்ள உம்மாவுக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். பருப்பு, பயறு, மீன், முட்டை, தயிர் ஆகியவை மூன்று வேளையிலும் பிரிந்து வர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் பிழைப்புக்காக இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கைப்பேசியில் நீங்கள் காண்பது உம்மாவின் முகத்தை. முகம் கடைசியில்தான் தளரும்; உங்களைக் கண்ட மகிழ்ச்சியில் அது மேலும் மலர்ந்திருக்கும். "நல்லாத்தான் இருக்கேன் வாப்பா" என்று அவர்கள் சொல்வதும் உங்கள் மனம் நோகக்கூடாது என்பதற்காக. பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்து, உம்மா நாற்காலியிலிருந்து எழுவதையும் அறைக்குள் நடப்பதையும் காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதத்திற்கு முன் பார்த்த நடையோடு ஒப்பிட்டால் உங்களுக்கே புரியும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய எளிய சோதனைகளும் உண்டு. பக்கத்தில் ஒருவர் நின்றுகொள்ள வேண்டும். தடுமாறுகிறவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்பது ஆசிய நாடுகளின் மருத்துவர் குழு 2019இல் வகுத்த அளவு. 4 மீட்டர் தூரத்தை வழக்கமான நடையில் கடக்க 5 வினாடிக்கு மேல் ஆனாலும் அப்படியே. ஜப்பானில் காஷிவா என்ற நகரத்து முதியோரிடம் ஆய்வு நடத்தியவர்கள் இதைவிட எளிய ஒன்றைக் கண்டனர். இரு கைகளின் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, தம் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடிப்பது. விரல்கள் ஒன்றையொன்று தொடாவிட்டால் நல்லது. தொட்டு, வளையத்துக்குள் இடைவெளியும் இருந்தால் தசை குறைந்திருக்கும் வாய்ப்பு அதிகம். கால் வீக்கம் உள்ளவரிடம் இச்சோதனை ஏமாற்றிவிடும் என்பதை நினைவில் கொள்க.

திரும்பி வர முடியுமா?

முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 1990இல் போஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், சராசரி வயது 90 உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கு எடை தூக்கும் பயிற்சி அளித்தனர். அவர்களுடைய தசை வலு சராசரியாக ஒன்றே முக்கால் மடங்கு கூடியது. இருவர் ஊன்றுகோலை விட்டுவிட்டனர். 2014இல் வெளியான மற்றொரு பெரிய அமெரிக்க ஆய்வில், 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேர் பங்கேற்றனர். முறையாக நடைப்பயிற்சியும் தசைப்பயிற்சியும் செய்த பிரிவில் நடமாட்டத்தை இழக்கும் வாய்ப்பு 18 சதவீதம் குறைந்திருந்தது. தொண்ணூறு வயதுத் தசையே பயிற்சிக்குப் பதில் சொல்கிறது என்றால், அறுபத்தெட்டில் ஒருவரைக் கட்டிலில் கிடத்திவிட்டு "வயது" என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது.

படுக்கை ஓய்வு இதற்கு நேர்மாறானது. நலமுள்ள முதியோர் பத்து நாள் படுக்கையில் இருந்ததில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்ததை 2007இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. "நீங்க எதுவும் செய்யாதீங்க வாப்பா, படுத்திருங்க" என்று நாம் செய்யும் கித்மத் சில நேரம் அவருக்குத் தீங்காகவே முடிகிறது. மருத்துவர் தடுக்காதவரை, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைக் காலையும் மாலையும் பத்து முறை செய்ய வைப்பதும், பள்ளிக்குக் கைபிடித்து நடத்தி வருவதும் மேலான கித்மத்.

ரமலானில் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தளர்ந்த பெரியவர் நோன்பை விட மறுத்து அழுவதை நாம் பார்க்கிறோம். இயலாத முதியவருக்கு ஃபித்யா என்ற வழியை வைத்தவனும் நோன்பைக் கடமையாக்கிய அதே இறைவன்தான் என்பதை வீட்டார் அவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். நோன்பு வைப்பவருக்கு ஷஃபானில் ஒருமுறையும் ஷவ்வாலில் ஒருமுறையும் எடை பாருங்கள். குறைந்த எடை துல்கஅதாவிலும் திரும்பாவிட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இமாம்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. பின்னால் பலவீனரும் முதியவரும் நிற்கிறார்கள், தொழுகையை நீட்டாதீர்கள் என்ற நபிமொழியை ஓதிக் கற்றுவிட்டு ஃபஜ்ரில் நீண்ட கிராஅத் ஓதுவது சரியல்ல. பள்ளி நிர்வாகிகள் ஹவுழ் ஓரத்திலும் படியிலும் ஒரு கைப்பிடிக் குழாய் பொருத்தினால் போதும். பளிங்குக் கல் பதிப்பதற்கு ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது.

மருத்துவரிடம் செல்லும்போது

சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோருக்கான தனி மருத்துவப் பிரிவு டாக்டர் வி. எஸ். நடராஜன் அவர்களால் 1978இல் தொடங்கப்பட்டது. இத்துறையில் நாட்டின் முதல் எம்.டி. படிப்பும் 1996இல் அங்குதான் வந்தது. கிண்டியில் முதியோருக்கான தேசிய மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. அவ்வளவு தூரம் செல்ல இயலாதவர்கள் தம் ஊர் அரசு மருத்துவமனையின் பொது மருத்துவரிடமே தொடங்கலாம். "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் எதைப் பார்ப்பார்? ஆறு மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தது, எத்தனை முறை விழுந்தார், எந்த வேலையை எப்போது விட்டார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தைராய்டு, பி12, இரத்தசோகை, சர்க்கரை ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். இரத்த அழுத்தத்தை உட்கார்ந்த நிலையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும்போது மேல் அளவு 20 புள்ளி இறங்கினால், ஸஜ்தாவிலிருந்து எழும்போது அவருக்குக் கண் இருண்டது ஏன் என்பது தெரிந்துவிடும்.

வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், தூக்கத்துக்கு ஒருவர் என்று எழுதிக் கொடுத்தவை, கடைக்காரர் கொடுத்த வலி மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எதையும் விடாமல் மேசையில் கொட்டி, இவற்றில் எதை நிறுத்தலாம் என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.